அண்ணாமலைக்கு இரண்டு டிகிரி

கீழ்பென்னாத்தூரில் எனக்கென்று தனியாக ஒரு பெயர் கிடையாது. ரேஷன் கடையிலும் சலூனிலும் நான் 'டீச்சர் வீட்டுக்காரர்'. வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் 'டெக்னிக்கல் டீம்'. இந்த இரண்டாவது பதவிக்கு நான் விண்ணப்பம் போடவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் என் மனைவி, கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, "ஏங்க, இந்தப் போனைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள். பிடித்தேன். கொரோனா போய்விட்டது, பள்ளி திறந்துவிட்டது, போனைக் கீழே வைக்கச் சொல்லி மட்டும் இன்னும் உத்தரவு வரவில்லை.

கேட்டால், "ஒரு தடவ நல்லா எடுத்துட்டா வருஷா வருஷம் போட்டுக் காட்டலாம். லீவு போட்ட பசங்களுக்கு ஆகும். வேற ஸ்கூல் டீச்சருங்களுக்கும் ஆகும்" என்பாள். நியாயமாகத்தான் இருக்கிறது. உலகத்தில் பெரிய பெரிய தலைகள் இதே நியாயத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. வெய்ன் ஹாட்ஜின்ஸ் என்று ஒருவர், தன் பிள்ளைகள் லெகோ கட்டைகளை மாற்றி மாற்றிச் செருகி விளையாடுவதைப் பார்த்தாராம். பாடத்தையும் இப்படிக் கட்டை கட்டையாகச் செய்துவிட்டால் வேண்டியபடி செருகிக்கொள்ளலாமே என்று தோன்ற, 1994-ல் அதற்கு 'லேர்னிங் ஆப்ஜெக்ட்' என்று பெயரும் வைத்துவிட்டார். 1997-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே இதில் இறங்கியது. ஓரிடத்தில் செய்த கணினிப் பாடம் வேறு இடத்து மென்பொருளிலும் மக்கர் பண்ணாமல் ஓடவேண்டும் என்று ஸ்கார்ம் என்ற விதிமுறையை எழுதி, 2000-ல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். எம்.ஐ.டி. தன் பாடங்களை எல்லாம் இலவசமாக இணையத்தில் வைக்கப்போவதாக 2001-ல் அறிவித்தது. 2003-ல் நம் நாட்டில் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டெல்லை ஆரம்பித்தன.

இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீங்கள் யோசிக்கலாம். என் மகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பில்தான் நாங்கள் எடிட்டிங் செய்கிறோம். பாவம், அதற்கும் வயதாகிவிட்டது. பத்து நிமிட வீடியோவை ரெண்டர் செய்யப் போட்டால் ராத்திரி சாப்பாடு முடிந்து, பால் காய்ச்சி, அம்மா மாத்திரை போட்டுப் படுக்கும் வரைக்கும் ஓடும். அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது, சார்ஜர் ஒயர் அசையக்கூடாது, டெக்னிக்கல் டீம் பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். காவல் இருக்கும் மனுஷன் போனில் எதையாவது படித்துத்தானே ஆகவேண்டும்.

தொலைதூரக் கல்வியில் எனக்கு முன் அனுபவமும் உண்டு. நான் பி.காம். முடித்தது தபாலில். பழுப்புக் காகிதப் பொட்டலங்களாக வந்த பாடங்களைப் பிரிக்காமல் பரண் மேல் அடுக்கிவைத்துக் கோனார் தெருக்காரர் ஒருவரின் நோட்டைப் படித்துத் தேறினேன். அந்தப் பொட்டலங்கள் கசங்காமல் இருந்ததால் என் மச்சான் அவற்றைப் பிரித்துப் படித்து முதல் வகுப்பில் பாஸானான். மறுபயன்பாட்டுக்கு ஏற்றபடி பாடங்களைப் பாதுகாத்தவன் என்ற முறையில் அந்த முதல் வகுப்பில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக நான் அவ்வப்போது சொல்வதுண்டு. மச்சான் பதில் சொல்வதில்லை.

முதலில் ஸ்டுடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்வித் தொலைக்காட்சிக்குச் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடம் கிடைத்தது. 2019 ஆகஸ்ட் 26-ல் அதைத் தொடங்கி வைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது கூடம். தண்ணி டிரம், அதன் மேல் முக்காலி, முக்காலி மேல் அரிசி டப்பா, டப்பா மேல் செல்போன். சத்தம் பதிவாகும் என்று ஃபேனை நிறுத்திவிடுவோம். திருவண்ணாமலை–செஞ்சி பஸ்ஸின் ஏர் ஹாரனை நிறுத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை. குக்கரை நிறுத்த அதிகாரம் இருந்தாலும் தைரியம் இல்லை, ஏனென்றால் அடுப்பு என் அம்மாவின் இலாகா. வாட்ஸ்அப் குழுவில் போட்ட முதல் பாடத்துக்கு ஒரு பையன் எழுதிய சந்தேகம்: "டீச்சர், இன்னைக்கி உங்க வீட்ல பருப்பா?" விசிலை எண்ணியிருக்கிறான். எண்ணியல் பாடம்தான், குறை சொல்ல முடியாது.

அந்தக் குழுவுக்கு மட்டும் எடுத்தவரை எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆகிற மாதிரி எடுக்கவேண்டும் என்று ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் பேச்சு தடித்தது. பாடங்களைப் பார்த்துச் சரி சொல்லும் விவரமான பெரியவர்கள் சிலர் இருந்தார்கள். மொத்தத்தில் நல்லவர்கள்தான். முதலில் 'காலை வணக்கம்' கூடாது என்றார்கள். என் மனைவிக்கு மனசில்லை, வணக்கம் வைக்காமல் எந்த வகுப்பை ஆரம்பிப்பது? அவர்கள் சொன்ன காரணம் சரிதான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு போன்தான். அது அப்பாவோடு சித்தாள் வேலைக்கோ செங்கல் சூளைக்கோ விடியலில் கிளம்பிப் போய்விடும். இருட்டிய பிறகு அது வீடு திரும்பினால்தான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ராத்திரி ஒன்பதரைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காரும் பிள்ளையிடம் போய்க் காலை வணக்கம் என்றால், அது நம்மைப் பற்றி என்ன நினைக்கும்?

அப்புறம் 'போன வகுப்பில் பார்த்தோமே' போயிற்று, பார்க்காத பிள்ளை பதறுமாம். 'இன்னைக்கு வெள்ளிக்கிழமை' போயிற்று. பக்க எண் போயிற்று. 2018-லும் 2019-லும் எல்லா வகுப்புக்கும் புத்தகமே மாறியது, பக்க எண்ணை நம்பிப் பேசிய பாடமெல்லாம் ஒரே கோடை விடுமுறையில் செல்லாமல் போயிற்று என்றார்கள். கடைசி பெஞ்சுக்காரன் பெயரைச் சொல்லி அதட்டுவது போயிற்று. ஒவ்வொன்றாகப் போகப் போக என் மனைவியின் குரல் ரயில்வே அறிவிப்பு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. "இப்ப நல்லா இருக்கா?" என்று கேட்டாள். "எந்த ஊருக்கும் பொருந்தும்" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அன்று ராத்திரி எனக்கு மட்டும் பழைய சோறு.

இதற்கு நடுவில் பழைய சரக்கு ஒன்று வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், தன் வாழ்நாள் நோட்ஸை எல்லாம் டைப் அடித்து சிடியில் வைத்திருந்தவர், "எடுத்து யூஸ் பண்ணிக்கம்மா" என்று பெருந்தன்மையோடு கொடுத்தார். சிடி போடும் டிரைவைத் தேடுவதே ஒரு அத்தியாயம்; அதை விட்டுவிடுகிறேன். திறந்து பார்த்தால் எல்லாம் ஆங்கில எழுத்து. தலைப்பிலேயே ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. வைரஸ் என்பது என் கருத்து. என் கருத்துகளை எங்கள் வீட்டில் யாரும் குறித்து வைப்பதில்லை. என் மகன் எட்டிப் பார்த்து, "பாமினிப்பா" என்றான். அந்த ஐந்து கீயைத் தட்டினால் பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று வருமாம். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் தன் வேஷத்தைக் கலைத்துவிட்டு ஜே கே பி ஓ என்று நிற்கும். பாமினியில் ஒருவர், வானவில்லில் ஒருவர், இன்னும் எதெதிலோ ஒருவர் என்று ஆளாளுக்குத் தனித்தனியாக அடித்து வைத்த தமிழ் இப்படி எத்தனை அலமாரியில் கிடக்கிறதோ. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடையும், அது ஆகாத இடத்துக்கு டேஸ் 16-ஐயும் பொதுத் தரமாக ஏற்று ஆணை போட்டது. வாத்தியார் அதற்கு முன்பே சுறுசுறுப்பாக முடித்துவிட்டார். சோம்பேறியாக இருந்து பத்து வருஷம் கழித்து அடித்திருந்தால் அத்தனையும் உடனே ஆகியிருக்கும். சுறுசுறுப்பைப் பற்றி எனக்கு முன்பே சந்தேகம் உண்டு.

எழுத்தை மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, மகன் மாற்றிவிட்டான். வாக்கியங்கள் வந்தன. படங்கள் வரவில்லை, ஏனென்றால் வாத்தியார் முக்கோணங்களைப் படமாக ஒட்டிவைத்திருந்தார், திருத்த முடியாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: முடிந்த வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கக் கூடாது. படம் தனி, குரல் தனி, ஸ்லைடு தனி, எல்லாவற்றையும் திறந்து திருத்துகிற மாதிரி வைத்திருக்க வேண்டும். சட்டம் போட்டது என் மனைவி. ஹார்ட் டிஸ்க் வாங்கக் காசு கொடுத்தது டெக்னிக்கல் டீம்.

இனி மலைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பத்தாம் வகுப்பில் ஏற்றக் கோணம் என்று ஒரு பாடம் உண்டு. கட்டடம், மரம், கலங்கரை விளக்கம் எதையாவது அண்ணாந்து பார்த்து, கோணத்தை அளந்து, டேன் தீட்டா போட்டு உயரம் கண்டுபிடிப்பது. கீழ்பென்னாத்தூரில் கலங்கரை விளக்கத்துக்கு எங்கே போவது? ஆனால் எந்த வீட்டு மொட்டை மாடியில் ஏறி மேற்கே பார்த்தாலும் அண்ணாமலை. தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கொப்பரையில் ஏற்றினால் இங்கிருந்தே கும்பிடலாம். "இதைவிட நல்ல உதாரணம் எந்த ஊர்ல கிடைக்கும்? நம்ம மாடியிலிருந்து தீபத்துக்கு ஏற்றக் கோணம்!" என்று என் மனைவி குதித்தாள். புரொட்ராக்டர், அதன் நேர்விளிம்பில் ஒட்டிய ஜூஸ் ஸ்ட்ரா, நடுப்புள்ளியில் ஒரு நூல், நூல் நுனியில் சைக்கிள் நட்டு. கிளினோமீட்டர் தயார். அதைப் பிடிக்கும் கை யாருடையது என்பதில் குழப்பம் இல்லை.

மலையின் உயரம் 2,668 அடி என்பார்கள். அது கடல்மட்டத்திலிருந்து. நாம் நிற்கும் தரையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சுமார் 650 மீட்டர். எங்கள் மாடிக்கும் மலைக்கும் காக்கா பறக்கிற தூரம் 18 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், இரண்டு டிகிரி சொச்சம் வரும். ஆதியும் அந்தமும் காண முடியாமல் பிரம்மாவும் விஷ்ணுவும் திணறிய மலை, எங்கள் வீட்டு புரொட்ராக்டரில் இரண்டே டிகிரி! என் கை நடுக்கம் அதைவிட அதிகம். நூல் ஒரு தடவை எண்பத்தெட்டில் நிற்கும், அடுத்த தடவை தொண்ணூற்று மூன்றுக்குப் போகும். அதாவது அண்ணாமலை பூமிக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். "கையை ஆட்டாதீங்க" என்றாள். காலையில் இரண்டு காபி குடித்திருந்தேன்.

பாடப்புத்தகக் கணக்குகளில் பெரும்பாலும் 30, 45, 60 டிகிரிதான் வரும், விடை லட்சணமாக இருக்கவேண்டும் என்று. சரி, 45 டிகிரி கிடைக்க எங்கே போய் நிற்கலாம் என்று கணக்குப் போட்டோம். உச்சிக்கு நேர் கீழிருந்து 650 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். அங்கே நின்றால் நாம் மலைக்கு உள்ளே நிற்போம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை ஒரு வட்டம் என்று வைத்துக்கொண்டால் ஆரம் இரண்டேகால் கிலோமீட்டர், அங்கிருந்து பார்த்தாலும் 16 டிகிரிதான் தேறுகிறது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான பேர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கிறார்களே, அது வெறும் 16 டிகிரி. எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். "சாமியை அளக்காதடா" என்றாள்.

தீபத்தன்று எடுத்தோம். மாடியில் அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது. என் மனைவி, "எதிர்ப்பக்கம் பை அடுத்துள்ள பக்கம்" என்று சொல்லி முடிப்பதற்கும் உச்சியில் சுடர் தெரிவதற்கும் சரியாக இருந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று தெருவே கத்தியது. அம்மா மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். டேன் தீட்டாவின் மதிப்பு அந்த அரோகராவில் கரைந்துபோனது.

அந்த வீடியோவை எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்த்தார்கள். அவரவர் மாடியில், மாடி இல்லாதவர்கள் ஏரிக்கரையில் நின்று, ஸ்ட்ரா வைத்து அளந்து அனுப்பினார்கள். இரண்டு, ஒன்றரை, இரண்டேகால். வேட்டவலம் சாலையில் பாட்டி வீட்டுக்குப் போன பெண் அங்கிருந்து அளந்து, "டீச்சர், இங்க கோணம் வேற வருது, ஏன்?" என்று கேட்டது. அந்த 'ஏன்' வரத்தான் வாத்தியார்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

வெளியூருக்கு அனுப்பத்தான் அது ஆகவில்லை. திருநெல்வேலிப் பிள்ளைக்கு இந்த மாடி எதற்கு? ஊர்ப்பெயரை எடு, மலையை எடு, அரோகராவை எடு என்று எடுத்துக்கொண்டே வந்தால், 'ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தொலைவில்' என்று அது பழையபடி யாருடைய கோபுரமும் இல்லாத கோபுரமாகிவிடும். ரெண்டர் காவலில் இருந்தபோது டேவிட் வைலி என்பவர் இதையே எழுதியிருப்பதைப் பார்த்தேன். திறந்தநிலைப் பாடங்களுக்காக ஆயுள் முழுக்க வாதாடுகிற மனிதர் அவர். பாடத்தில் ஊரும் சூழலும் கூடக் கூட அந்த இடத்துப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும், அந்த அளவுக்கு அடுத்த இடத்துக்கு ஆகாது. எல்லா இடத்துக்கும் ஆகிற மாதிரி செய்தால் எந்தப் பிள்ளைக்கும் ஒட்டாது என்கிறார். மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "இதைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன், நீங்கதான் 'எந்த ஊருக்கும் பொருந்தும்'னீங்க" என்றாள். அமெரிக்காக்காரர் சொன்னால்தான் காதில் விழுமா என்றும் கேட்டாள். விழாதுதான்.

தீர்வு சொன்னவர் வைலி இல்லை, வெங்காயக்காரர். எங்கள் தெருவுக்கு ஒரு குட்டியானை வரும். ஒலிபெருக்கியில், "வாங்கம்மா வாங்க, வெங்காயம், பெரிய வெங்காயம், சாம்பார் வெங்காயம்" என்று பதிவு செய்த குரல். கொரோனாவுக்கு முன்னாலிருந்து அதே பதிவு, அதே இருமல். ஆனால் விலை அதில் இருக்காது. தெருமுனையில் பதிவை நிறுத்திவிட்டு, மைக்கை எடுத்து அன்றைய விலையை அவரே வாயால் சொல்வார், கூடவே ஊர்ப்பெயரையும். அவலூர்பேட்டையில் அந்த ஊர்ப்பெயர், வேட்டவலத்தில் அந்த ஊர்ப்பெயர். மாறாததை ஒரு தடவை பதிவு பண்ணிக்கொண்டார்; மாறுவதை வாய்க்கு விட்டுவிட்டார். என் மனைவி வெங்காயம் வாங்கப் போனவள் வெறும் கையோடு திரும்பி வந்தாள், யோசித்துக்கொண்டே.

மறுநாளிலிருந்து பாடத்தை மூன்று துண்டாக எடுத்தோம். முன்துண்டு ஊர்க்காரியம்: மாடி, மலை, தீபம், யாரை வேண்டுமானாலும் திட்டலாம், காலை வணக்கமும் வைக்கலாம். நடுத்துண்டு மட்டும் எந்த ஊருக்கும்: வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒரு கை, கையில் கிளினோமீட்டர், நூல் நகர்வது, முக்கோணம் வரைவது. குரல் தனிக் கோப்பில். கடைசித் துண்டு, பிள்ளைகள் தங்கள் ஊரில் எதை அளக்கலாம் என்பது. அதை அந்தந்த டீச்சரே சொல்லிக்கொள்ளட்டும். நடுத்துண்டுக்காக என் கையிலிருந்த சாமிக் கயிறு, மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றப்பட்டன. கையைப் பார்த்தால் ஊரும் தெரியக்கூடாது, சாமியும் தெரியக்கூடாது, மணியும் தெரியக்கூடாது. முகம் வேண்டாமா என்று மெதுவாகக் கேட்டேன். "முகம் இருந்தா யாருங்க இதுன்னு கேப்பாங்க" என்றாள். சுருக்கமான, மறுக்க முடியாத காரணம்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டோம்: யாரும் எடுக்கலாம், திருத்தலாம், செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், திருத்தியதையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். என்.பி.டெல் பாடங்களுக்கும் இதே உரிமம்தான் என்று மகன் சொன்னபோது ஐ.ஐ.டி.யோடு சம்பந்தி ஆன மாதிரி இருந்தது. இப்போது பாடப்புத்தகத்திலேயே கியூஆர் கோடு வருகிறது, ஸ்கேன் பண்ணினால் 2017-ல் தொடங்கிய தீக்‌ஷா தளத்துக்குப் போகும். தமிழக அரசின் மணற்கேணி செயலி 2023-ல் வந்துவிட்டது. இத்தனை இருக்கும்போது நம் வீட்டுத் துண்டை யார் சீந்தப்போகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அந்த கியூஆர் கோடை அம்மாவிடம் காட்டியபோது, "இதுல அடிச்சா காசு யாருக்குப் போவும்?" என்று கேட்டாள். யாருக்கும் போகாது என்றேன். அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு என்பது போல் பார்த்தாள்.

போன மாதம் கடலோர மாவட்டத்து டீச்சர் ஒருவர் தான் செய்த பாடத்தை என் மனைவிக்கு அனுப்பியிருந்தார். ஆரம்பத்தில் நிஜமான கலங்கரை விளக்கம், அலைச் சத்தம், "பாருங்க பிள்ளைகளா" என்று அந்த ஊர் இழுவையில் குரல். பிள்ளைகள் மணலில் நின்று ஸ்ட்ராவை நீட்டுகிறார்கள். அப்புறம் வெள்ளைத் துணி, அதன் முன்னால் ஒரு கை. வாட்ச் கட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துப்போன, லேசாக நடுங்குகிற இடது கை. அந்த ஊர்க் கணக்கில் ஏற்றக் கோணம் நன்றாகவே இருந்ததால் நடுக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை. முடிவில் என் மனைவியின் பெயர், பள்ளியின் பெயர், உரிமத்தின் பெயர், எல்லாம் முறையாக வந்தன. கைக்குப் பெயர் இல்லை.

நான் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"டேய், இது உன் கை இல்ல?"

"ஆமாம்மா."

"ஊரு பூரா பாக்கப் போவுதுன்னு தெரியாதா? நகத்த வெட்டிக்கினு வந்து நின்னிருக்கக் கூடாதா?"